ஆளுக்கு மூன்று மரக்கால்

கோயம்புத்தூர்,
2-8-1982

அக்காவுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. இதில் விதை விஷயம் இருக்கிறது. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

பொன்னுவின் காதுகுத்துக்கு நான் வராதது தப்புதான். தாய்மாமன் நான் உயிரோடு இருக்க, யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்தினீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் என்ன செய்ய? இந்த ஆராய்ச்சி நிலையத்தில் மக்காச்சோளம் பட்டுநூல் விடுவது ஐந்தே நாள். அந்த ஐந்து நாளும் ஒவ்வொரு கதிருக்கும் காகித உறை மாட்டி, எந்த மகரந்தம் எதில் விழவேண்டுமோ அதை மட்டும் விழவைக்கவேண்டும். ஒரு நாள் தவறினால் ஒரு வருஷ வேலை போச்சு. "சோளத்துக்குக் கல்யாணம் பண்ணி வச்சியே, அக்கா மவளுக்குக் காது குத்த வந்தியா?" என்பாய். சொல்லிக்கொள், கேட்டுக்கொள்கிறேன்.

மாமா எழுதிய கார்டு வந்தது. ஆற்றுத் தண்ணீர் நம் மடைக்கு ஏறவில்லை, குறுவை இல்லை, சம்பாவுக்கும் நம்பிக்கை இல்லை என்று எழுதியிருந்தார். அதைவிடப் பயமாக இருந்தது இரண்டாவது விஷயம். அரசாங்கம் உச்சவரம்பில் எடுத்து நமக்குக் கொடுத்த மூன்று மா நிலமும் தரிசாகக் கிடக்கிறது, பட்டா வாங்கியவர்களுக்குச் சாகுபடி செய்யத் துப்பில்லை என்று பெரிய பண்ணை நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போட்ட தாவாவில் சொல்லியிருக்கிறதாமே. இந்த வருஷமும் வயல் காய்ந்தால் அவர்கள் பேச்சு எடுபட்டுவிடும். ஏதாவது ஒன்று அதில் விளையவேண்டும் அக்கா.

அதனால்தான் இந்த விதை. ஜெகபர் அலி அண்ணன் லாரியில் மூட்டையாக வருவது சாதாரண மக்காச்சோளம். நெல் குடிக்கிற தண்ணீரில் கால்பங்கு போதும். அதோடு ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் இருக்கும். அதன் மேல் 17 என்று எழுதியிருப்பேன். அதைக் கிழக்கு வரப்போரம் நான்கு வரிசை தனியாகப் போடு.

அது என்ன என்று உனக்குச் சொல்லவேண்டும். சோளத்தில் ஒரு பச்சைப் பூசணம் பிடிக்கும். பூசணம் தின்பது கொஞ்சம்தான், ஆனால் அது மணிக்குள் ஒரு நஞ்சை விட்டுவிட்டுப் போகும். எட்டு வருஷத்துக்கு முன்னால் குஜராத், ராஜஸ்தான் மலைக் கிராமங்களில் அந்தச் சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் மஞ்சள்காமாலை கண்டு செத்தார்கள். எந்தச் சோளத்துக்கு அந்தப் பூசணத்தைத் தாங்கும் சக்தி பிறப்பிலேயே இருக்கிறது என்று தேடுவதுதான் என் வேலை. ஊசியைப் பூசணத்தில் தோய்த்து நூற்றுக்கணக்கான கதிரில் குத்துகிறேன். மூன்று வருஷமாகக் குத்தியும் பச்சை ஏறாத ஒன்று பதினேழு. கதிர் குட்டையாக, பார்க்க லட்சணமில்லாமல் இருக்கும். இங்கே எல்லாம் தண்ணீர் பாய்ச்சி வளர்ப்பது. காய்ந்த காட்டில் அது தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. பொட்டலத்தை யாரிடமும் கேட்காமல்தான் எடுத்தேன். நீ வாய் திறக்காதே.

தம்பி,
ரெத்தினம்


நன்னிலம் வழி,
26-9-1982

தம்பி ரெத்தினத்துக்கு,

அடுப்பில் போடவில்லை. இப்போதைக்கு விறகு இருக்கிறது.

விதை முளைத்து ஆள் உயரம் நிற்கிறது. நீ சொன்னபடி பதினேழு கிழக்கு ஓரம் நான்கு வரிசை. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நானும் உன் மாமாவும் குட்டையிலிருந்து குடத்தில் மொண்டு செடிக்குச் செடி ஊற்றினோம். என் இடுப்பு ஒருபக்கமாகவே போய்விட்டது. பண்ணைக் காரியஸ்தர் சைக்கிளை நிறுத்தி, "ஏண்டி செவ்வந்தி, தஞ்சாவூர் சீமையில கோழித்தீனி வெளைய வச்ச மொத ஆளு நீதாண்டி" என்று சிரித்தார். "தரிசுன்னு சொன்னீங்களே, தரிசு இப்ப தலைக்கு மேல நிக்குது பாருங்க" என்றேன். சிரிப்பு நின்றது. சைக்கிள்தான் போச்சு.

பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போடுகிறார்கள். ஒரு வயிறு கவலை குறைந்தது. பொன்னுவுக்கு மூன்று வயசு முடியப்போகிறது. காதில் கம்மல் போட்டுக்கொண்டு, "மாமா குத்தல, வேற மாமா குத்துச்சு" என்று ஊரெல்லாம் சொல்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளை தானாகத்தான் சொல்கிறது.

சரி, கேட்கிறதைக் கேட்கிறேன். விதை மூட்டைக்குள் நீ எழுதி வைத்த நான்கு பக்கமும் எப்படி விதைப்பது, எவ்வளவு இடைவெளி, எப்போது களை எடுப்பது என்றே இருக்கிறது. எப்போது அறுப்பது, அறுத்து என்ன செய்வது என்று ஒன்றும் இல்லை. எங்களுக்கு நெல் தெரியும், உளுந்து தெரியும். இது தெரியாது. உடனே பதில் போடு.

அக்கா,
செவ்வந்தி


நன்னிலம் வழி,
8-12-1982

ரெத்தினத்துக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. உத்தியோகஸ்தருக்கு நேரம் ஏது? சரி, நாங்களாகவே அறுத்துவிட்டோம்.

ஐப்பசி முழுக்கச் சொட்டு மழை இல்லாமல் காய்ந்து, அறுக்கிற வாரத்தில் பிடித்துக்கொண்டது. ஆறு பேர் வந்து நனைந்துகொண்டே கதிரை ஒடித்தார்கள். தட்டையை வெட்டி மாடுகளுக்குப் போட்டாயிற்று, இந்தப் பஞ்சத்தில் எல்லா வீட்டு மாடும் அதைத்தான் தின்றது. கதிரிலிருந்து மணி லேசில் உதிராது போலிருந்தது. நம் வழக்கப்படி, வைக்கோலைப் போர் போட்டு வேகவிட்டு அப்புறம் போரடிப்போமே, அதே மாதிரி தோலோடு குவித்து மேலே வைக்கோல் மூடி பத்து நாள் விட்டோம். பிரித்தபோது உள்ளே கைவைக்க முடியாத சூடு. மணி நன்றாகக் கழன்றது. ஆனால் பாதிக்கு மேல் பச்சைத் தூள் படிந்திருந்தது. ஊதித் தட்டி, கழுவிக் காயவைத்தோம். கொஞ்சம் கசப்பு. நெல்லே புழுங்கி நாறினால் தின்பதில்லையா?

ஒன்று சொல்லவேண்டும். களத்தில் நானே மரக்காலைப் பிடித்து அறுத்தவர்களுக்குக் கூலி அளந்தேன். "லாபம், ரெண்டு, மூணு" என்று, பண்ணையில் ஒன்றை லாபம் என்பார்களே அதே மாதிரி, என் வாயால் எண்ணி, ஆளுக்கு மூன்று மரக்கால். பிறந்ததிலிருந்து அடுத்தவன் அளக்க மடியேந்தியவள் நான். அறுத்தவர்களில் ஒருத்தி, நம் அம்சவல்லி, "தலையக் கட்டிக் குவிச்சு அளடி, கைய இழுக்காத" என்று கேலி செய்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதமே.

மிச்சம் ஆறு மூட்டை களத்தில் குவித்து மூடியிருக்கிறோம். ஜனவரி பன்னிரண்டாம் தேதி தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. நேரில் வந்து மகசூலைப் பார்த்து எழுதிக்கொண்டு போவாராம். அதற்கப்புறம் பண்ணையின் வாய் அடைபடும். வீட்டுக்கு என்று எடுத்ததில் காலையும் மாலையும் கூழ். அரிசிக்கு வழியில்லை.

வாத்து மேய்க்கிற ஐயாவு பெரிய ரகளை செய்கிறார். களத்தில் சிந்தியதைப் பொறுக்கிய வாத்துக்குஞ்சு இருபத்திரண்டு ஒரு வாரத்தில் செத்துப்போச்சு. பண்ணை ஆட்கள்தான் மருந்து வைத்தார்கள் என்று அரிவாளைத் தூக்கிக்கொண்டு போனார். உன் மாமா பிடித்து நிறுத்தினார்.

அந்தப் பதினேழை வைக்கோல் பிரியால் தனியாகக் கட்டி அதே போரில்தான் போட்டேன். நாற்பத்தெட்டுக் கதிர். அதில் மட்டும் பச்சையே இல்லை.

செவ்வந்தி


எக்ஸ்பிரஸ் தபால்
கோயம்புத்தூர், 13-12-1982

அக்கா,

இரண்டரை மாதமாக வேறு ஊர் வயலில் இருந்தேன். உன் மூன்று கடிதமும் மேசையில் கிடந்தன. இன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சோளத்தை யாரும் தின்னக்கூடாது. வாத்துக்கு யாரும் மருந்து வைக்கவில்லை. அந்த நஞ்சு முதலில் கொல்வது வாத்துக்குஞ்சைத்தான். ஐயாவுவிடம் சொல்லி அரிவாளைக் கீழே போடச் சொல். கழுவினாலும் போகாது, காயவைத்தாலும் போகாது, எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் போகாது. கசப்பு என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கசப்புதான் பூசணத்தின் அடையாளம்.

தப்பு என்னுடையது. கதிரை ஒடித்த அன்றே தோலை உரித்துப் பரப்பி, பல்லில் கடித்தால் நொறுங்கும்வரை காயவைக்கவேண்டும். இங்கே எல்லாருக்கும் அது தெரியும் என்பதால் எழுதத் தோன்றவில்லை. நம் ஊரில் ஈரத்தோடு போர் போட்டு வேகவிடுவார்கள் என்று அந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? பூசணத்துக்கு நானே அடுப்பு மூட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அக்கா, பதினேழு! வறட்சி, அப்புறம் மழை, அப்புறம் பத்து நாள் போர். இவ்வளவு மோசமான சோதனையை எங்கள் நிலையத்தில் செய்து பார்க்கவே முடியாது. எல்லாம் பச்சையாகிப்போன குவியலுக்குள் கிடந்து அது மட்டும் வெளுப்பாக வந்திருக்கிறது. அந்த விதைக்குள் ஏதோ இருக்கிறது. அதை நல்ல மகசூல் சோளத்தோடு சேர்த்தால், ஏழு எட்டு தலைமுறை விதையில், இந்தப் பயமே இல்லாத சோளம் கிடைக்கும். நான் மூன்று வருஷம் ஊசியோடு அலைந்தது வீணில்லை. அந்தக் கதிர்கள் நல்லவை, பத்திரமாக வை. உடனே பத்துக் கதிரை ஜெகபர் அலி அண்ணனிடம் கொடுத்தனுப்பு. எந்தக் கதிர் எந்தச் செடி என்று நினைவிருந்தால் எழுது. தோல் எத்தனை அடுக்கு, நுனி மூடியிருந்ததா, அதையும் எழுது.

ரெத்தினம்


நன்னிலம் வழி,
20-12-1982

ரெத்தினத்துக்கு,

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டார்: "பொன்னு சாப்பிட்டாளா, நல்லா இருக்காளான்னு ஒரு வரி இருக்கா பாரு." திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாத்து இருக்கிறது, பூசணம் இருக்கிறது, ஒரு பக்கம் முழுக்கப் பதினேழு இருக்கிறது. தோல் எத்தனை அடுக்கு என்று கேட்கிறாயே, உன் அக்கா வீட்டில் எத்தனை உயிர் என்று தெரியுமா உனக்கு?

குவியலில் கைவைப்பதை நிறுத்திவிட்டோம். பெரியவர்கள் இரண்டு பேரும் ரேஷன் அரிசியில் கஞ்சி வைத்து ஒருவேளை குடிக்கிறோம். பெரியவளுக்குப் பள்ளிக்கூடச் சோறு இருக்கிறது. சின்னதைப் பட்டினி போடமுடியாது. நீதான் பதினேழு நல்லது என்று எழுதியிருக்கிறாயே, அதை உதிர்த்து மாவாக்கிப் பொன்னுவுக்கு மட்டும் கூழ் காய்ச்சுகிறேன். அதுவும் இரண்டு நாளாக வேண்டாம் என்கிறாள். வயிறு உப்பினாற்போல் இருக்கிறது. மாந்தமாக இருக்கும்.

எல்லாவற்றையும் அழித்துவிடு என்றுதான் அடுத்து எழுதுவாய், தெரியும். குவியல் போனால் பன்னிரண்டாம் தேதி ஆர்.ஐ.க்கு எதைக் காட்டுவேன்? வயலில் தட்டைகூட இல்லை. காரியஸ்தர் தினம் இரண்டு தரம் களத்துப் பக்கம் சைக்கிளில் போகிறார்.

அதைவிடப் பெரிய வேதனை ஒன்று. கூலியாகப் போனதை என்ன செய்வேன்? ஆறு வீட்டில் அந்தச் சோளம் இருக்கிறது. கூலியைத் திருப்பிக் கொடு என்று கேட்கச் சொல்கிறாயா? அரைப்படி கூலி கூடக் கேட்டதற்கு நம் அப்பா முதுகில் வாங்கிய அடியை மறந்துவிட்டாயா? மூன்று மா வந்ததும் நான் கூலியைப் பிடுங்கினேன் என்ற பேரோடு இந்தத் தெருவில் எப்படி நடப்பேன்? அந்த ஆறு பேரும்தான் நான் சாகுபடி செய்ததற்குச் சாட்சி.

பத்துக் கதிர் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தோல் எத்தனை அடுக்கு என்று எண்ணவில்லை.

செவ்வந்தி


கோயம்புத்தூர்,
29-12-1982

அக்கா,

இருபத்துமூன்றாம் தேதி நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். "பதினேழும் வேண்டாம்" என்று மட்டும் கொடுத்தேன். உன் கடிதத்தில் பொன்னுவுக்கு அதில் கூழ் என்று படித்ததும் தபால் ஆபீசுக்கு ஓடினேன். நல்லது என்று எழுதியது விதைக்கு நல்லது என்ற அர்த்தத்தில் அக்கா. தின்னலாம் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் நீ வேறு எப்படிப் படிப்பாய்? பிள்ளை பசியோடு இருக்கிற வீட்டுக்கு அப்படியா எழுதுவார்கள்? என் சந்தோஷத்தில் எனக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

கதிர்களைச் சோதிக்க இங்குள்ள விளக்கும் மருந்தும் வேண்டும். அதற்கு அதிகாரியிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன். அனுமதியில்லாமல் விதையை வெளியே கொண்டுபோனதற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார். வேலை நிலைக்குமா என்று தெரியாது. என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார், கண் மட்டும் கதிரைவிட்டு நகரவில்லை. கடைசியில் அவரே இருட்டறைக் கதவைத் திறந்துவிட்டார்.

ஊதா விளக்கின் கீழ் ஏழு கதிரில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று கதிரில் மணி மஞ்சளும் பச்சையுமாக ஒளிர்ந்தது. மருந்து போட்டுப் பார்த்தோம், அந்த மூன்றிலும் நஞ்சு இருக்கிறது. வெளியே பார்த்தால் பத்தும் ஒரே மாதிரி வெளுப்பு. பக்கத்து வரிசை மகரந்தம் விழுந்து கலந்திருக்கலாம். நெல் அப்படிக் கலக்காது, சோளம் கலக்கும். வரப்போரம் போதும் என்று நான் எழுதியது அடுத்த தப்பு.

தாங்கும் சக்தி என்பது குறைவாக நஞ்சேறும் என்பதுதான். ஏறவே ஏறாது என்று இன்றைக்கு யாராலும் சொல்லமுடியாது. பொன்னுவின் கண்ணை வெளிச்சத்தில் பார். வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் ஒரு நாள் தாமதிக்காதே, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

கூலியையும் திரும்ப வாங்கவேண்டும். இதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அந்த வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கின்றன.

ரெத்தினம்


தஞ்சாவூர் ஆஸ்பத்திரி,
5-1-1983

ரெத்தினம்,

பக்கத்துக் கட்டில்காரரிடம் பேனா வாங்கி எழுதுகிறேன். பொன்னுவைச் சேர்த்து மூன்று நாள் ஆகிறது. கண் மஞ்சள். வயிறு பெருத்துக் கால் வீங்கியிருக்கிறது. டாக்டரம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா கொடுத்தே இந்தப் பிள்ளைக்கு?" என்று கேட்டார். சோளக் கூழ் என்றேன். உன் கடிதத்தைக் காட்டினேன். முழுக்கப் படித்தார். "நிறுத்துனது நல்லதாப் போச்சு, பாப்போம்" என்றார். பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

என் கையால்தான் ஊட்டினேன். வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டவளை மூக்கைப் பிடித்து ஊட்டினேன். உன்னைத் திட்டலாம் என்றால் வாய் வரவில்லை. பயமாக இருக்கிறது ரெத்தினம்.

இரண்டு நாளில் என் நாத்தனார் வந்து பிள்ளையோடு இருப்பாள். நான் ஊருக்குப் போகவேண்டும். இங்கே உட்கார்ந்து பார்க்கப் பார்க்க அந்த ஆறு வீட்டுப் பானைதான் கண்ணில் நிற்கிறது.

செவ்வந்தி


கோயம்புத்தூர்,
8-1-1983

அக்கா,

மெமோவுக்குப் பதில் கொடுத்து விசாரணை முடியும்வரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்கிறார்கள். தினமும் போய்க் கேட்கிறேன். பொன்னு எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கார்டாவது போடு. சாப்பாடு இறங்கவில்லை.

ஒரே ஒரு யோசனை. குவியலைப் பன்னிரண்டாம் தேதிவரை மூடியே வை. ஆர்.ஐ. பார்த்து எழுதி முடித்ததும் எரித்துவிடு. நான்கு நாளில் ஒன்றும் கெட்டுவிடாது. நிலத்தையும் விட்டுவிடாதே. பதினேழில் மிச்சம் இருக்கும் கதிரை மட்டும் எரிக்காதே. அதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனால் பத்தில் ஏழு சுத்தமாக இருந்த மாதிரி அதிலும் இருக்கலாம். இன்னொரு ஊரில் இன்னொரு பொன்னுவுக்கு இது வராமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ரெத்தினம்


நன்னிலம் வழி,
17-1-1983

தம்பிக்கு,

முதலில் பொன்னு. கண்ணில் மஞ்சள் குறைகிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று இட்லி கேட்டாளாம். இன்னும் பத்து நாள் அங்கே இருக்கச் சொல்கிறார்கள். நீ சாப்பிடு.

உன் எட்டாம் தேதிக் கடிதம் வந்தபோது குவியல் இல்லை. பத்தாம் தேதியே எரித்துவிட்டேன். கோபப்படாமல் கேள்.

ஊருக்கு வந்ததும் முதலில் அம்சவல்லி வீட்டுக்குத்தான் போனேன். நஞ்சு, பூசணம், பொன்னு, வாத்து என்று எல்லாம் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "ஓங் குவியல களத்துல பத்திரமா மூடி வச்சிருக்க. எங்க மூணு மரக்கால் மட்டும் விஷமாயிடுச்சா? அளந்த கையாலயே புடுங்க வந்துட்டியே, பெரிய பண்ணை தோத்துச்சு போ" என்றாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? எனக்கு நிலத்துக்கு ஆதாரமாக ஆறு மூட்டை இருக்கலாம், அவளுக்கு வயிற்றுக்கு மூன்று மரக்கால் இருக்கக்கூடாதா?

அன்று நடுப்பகலில் வைக்கோலைப் போட்டு நானே நெருப்பு வைத்தேன். உன் மாமா ஓடிவந்து, "அடிப்பாவி, நெலத்தயே கொளுத்துறியேடி" என்று என் தலைமுடியைப் பிடித்தார். "பொன்னுவப் பாத்தீங்கல்ல" என்றேன். முடியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவரே எழுந்து சிதறிய சோளத்தைக் காலால் உள்ளே தள்ளினார். தெருவே கூடி நின்றது. ஐயாவு கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார், வாத்துக்கா எனக்கா தெரியவில்லை. அம்சவல்லி போனாள், பானையோடு வந்தாள், நெருப்பில் கொட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர்.

ஆறாவது ஆள் வரவில்லை. சாவித்திரி. உனக்குத் தெரியும், உன்னோடு பள்ளிக்கூடம் படித்தவள். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் காசும் அனுப்பவில்லை, கடிதமும் இல்லை. பொழுது சாயும் முன் நானே அவள் வீட்டுக்குப் போனேன். பானையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். மூன்று பிள்ளைகளும் சுவரோரம் உட்கார்ந்திருந்தன. "பூசணம்னு எரிச்சுப்புட்டியாமே செவ்வந்தி? நாங்க நல்லா அலசி முழுசும் தின்னுட்டோம், ஒண்ணும் ஆகல பாரு. இந்த மார்கழி பூரா ஓஞ் சோளந்தாண்டி எங்கள உசுரோட வச்சுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி ஆர்.ஐ. வந்தார். களத்தில் சாம்பல்தான். காரியஸ்தர் கூடவே நின்று, "சாம்பலக் காட்டி மகசூல்ங்கறா சார், வெறும் வைக்கோலக் கொளுத்திட்டு நாடகம் ஆடுறா" என்றார். "அறுத்த ஆள் யாராவது இருக்கீங்களா?" என்று ஆர்.ஐ. கேட்டார். ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாசி உளுந்து அறுப்புக்குப் பண்ணையில்தானே நிற்கவேண்டும், அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அப்போது சாவித்திரி கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். "நாந்தான் அறுத்தேன் சார். மழையில நனைஞ்சு அறுத்தேன். இவ கையால மூணு மரக்கால் கூலி வாங்குனேன். எம் புள்ளைங்க மூணும் அதத்தான் தின்னுச்சு. எழுதிக்கங்க" என்றாள். அவர் எழுதினார். அவள் படித்த பெண், கையெழுத்தே போட்டாள். அதைப் பார்த்து அம்சவல்லியும் வந்து கைநாட்டு வைத்தாள். நிலம் இந்தத் தடவை தப்பித்தது. காரியஸ்தர் போன பிறகு சாவித்திரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

பொங்கலன்று கொஞ்சம் வெல்லம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், கடைக்குட்டிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லையாம், பொங்கலைக்கூட வாயில் வைக்கவில்லையாம். பிள்ளையை வாசலுக்குத் தூக்கிவந்து வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தேன். என்னால் ஒன்றும் தீர்மானிக்க முடியவில்லை. மஞ்சள் என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது. இன்று காலை பார்த்தேன். மஞ்சள்தான்.

பதினேழில் இருபத்தாறு கதிர் மிச்சம். எரிக்கவில்லை. உனக்காக இல்லை, நீ எழுதிய அந்த இன்னொரு பிள்ளைக்காக. விசாரணையை முடித்துக்கொண்டோ முடிக்காமலோ வந்து எடுத்துக்கொண்டு போ. வீட்டுக்கு வராதே, ஆஸ்பத்திரிக்கே வா, கதிரை நான் அங்கே கொண்டுவருகிறேன். சாவித்திரி உன்னிடம், என் மற்ற பிள்ளைகளுக்கும் வருமா, எத்தனை நாளில் தெரியும் என்று கேட்பாள். தெரியாது என்றால் தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். கடிதத்தில் எழுதாதே.

நாளைக் காலை ஏழரை மணி பஸ்ஸில் அவளையும் மூன்று பிள்ளைகளையும் தஞ்சாவூருக்கு அழைத்துப்போகிறேன். பொன்னுவைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பஸ் என்றதும் ஒரே குதியாட்டம். தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் நான் அவளிடம் சொல்லிவிடவேண்டும்.

அக்கா,
செவ்வந்தி